சட்டைப்பைக்கு வராத பிர்சா

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில், இன்றைய ஜார்க்கண்ட் பகுதியில் ஆங்கிலேயரை எதிர்த்த முண்டா பழங்குடித் தலைவர் பிர்சா முண்டாவின் நினைவாக 150 ரூபாய் நாணயம் வந்ததைப் பற்றி எழுதி, "இனி அவர் ஒவ்வொரு இந்தியரின் சட்டைப்பையிலும் இருப்பார்" என்று முடித்திருந்தீர்கள். படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. 2024 நவம்பர் 15 அன்று பீகாரின் ஜமுயியில் பிரதமர் வெளியிட்டார், சரி. ஆனால் இப்படிப்பட்ட நினைவு நாணயம் புழக்கத்துக்கு வருவதில்லை என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. நாணயச் சாலையில் சொல்லிவைத்து, மதிப்பைவிடக் கூடுதல் பணம் கட்டி வாங்க வேண்டும். ஜார்க்கண்டின் குந்தி வாரச்சந்தையில் புளியும் இலுப்பைப் பூவும் கூறு வைத்து விற்கும் முண்டாப் பெண்ணின் கைக்கு அது எப்போது போகும்?

என் பணிக்காலத்தில் பெரும்பகுதி ராஞ்சியில் கழிந்தது. கூட வேலை பார்த்த முண்டா நண்பரின் குடும்பம், எங்கள் தொழிற்சாலைக்கு நிலம் கொடுத்த குடும்பம். பிர்சா பிறந்தநாளுக்கு விடுப்புப் போட்டுவிட்டு ராஞ்சி கோகரில் உள்ள அவர் சமாதிக்குப் போய் மாலை வைப்பார். ஒருநாள் தாத்தா பெயரில் இருந்த கதியானை, அதாவது நிலப் பதிவேட்டு நகலை, பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்துக் காட்டினார். மடிப்பெல்லாம் கிழிந்து, டேப் ஒட்டியிருந்தது. நிலம் போய்விட்டது, காகிதத்தை மட்டும் விடவில்லை.

தங்கள் கட்டுரையில் நிலம் பற்றிப் பேச்சே இல்லை. ஆங்கிலேயரை எதிர்த்தார் என்று ஒரு வரி. எதற்காக எதிர்த்தார்? காடு திருத்திய முண்டாக்களின் நிலத்தை ஜமீன்தார்களும் வட்டிக்காரர்களும் பறித்தார்கள், கூலி இல்லாமல் வேலை வாங்கினார்கள். அரசு அவர்கள் பக்கம் நின்றது. அதனால்தான் 1899 கடைசியில் உல்குலான், அதாவது முண்டாக்களின் பெருங்கிளர்ச்சி, வெடித்தது. 1900 ஜனவரியில் டோம்பாரி மலையில் கூடியிருந்தவர்களைச் சுட்டார்கள். பிர்சாவைப் பிடித்துக் கொடுத்தால் 500 ரூபாய் என்றார்கள், அப்புறம் பிடித்தும் விட்டார்கள். ஜூன் 9 அன்று ராஞ்சி சிறையில் இறந்தபோது அவருக்கு 25 வயதுகூட நிரம்பவில்லை. நாணயத்தைப் பற்றி எழுதுகிறவர் அந்த 500 ரூபாயை எப்படி விட்டார்?

பழங்குடி நிலம் வெளியார் கைக்குப் போகாமல் தடுக்கும் 1908ஆம் ஆண்டின் சோட்டா நாக்பூர் குத்தகைச் சட்டம் அந்தப் போராட்டம் வாங்கித் தந்தது. 2016இல் ஜார்க்கண்ட் மாநில அரசே அதைத் தளர்த்தப் பார்த்தது. ஊர் ஊராக எதிர்ப்புக் கிளம்பி, மறுவருடம் அன்றைய ஆளுநர் திரௌபதி முர்மு மசோதாவைத் திருப்பி அனுப்பினார். தங்கள் இதழில் அது ஒரு பெட்டிச் செய்தியாகக்கூட வரவில்லை. அப்போதும் எழுதினேன், பதில் இல்லை. பழங்குடிகள் என்றால் நடனப் படம் போடத் தங்களுக்கு அரைப்பக்கம் கிடைக்கிறது. அவர்கள் நிலத்துக்காகத் தெருவில் நின்றால் இடம் கிடைப்பதில்லை. இத்தனை வருடம் சந்தா கட்டிய எனக்கு இதைச் சொல்லவே வருத்தமாக இருக்கிறது.

அடுத்த இதழில் அந்தச் சட்டைப்பை வரியைத் திருத்துங்கள். கூடவே 1908 சட்டம் பற்றி நாலு வரி சேருங்கள். கேட்பது அவ்வளவுதான்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர், திருச்சி