காவடியன்று கேட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்ட காரிலிருந்து

கோவில் தலைவர் ஐயாவுக்கும் செயற்குழுவில் உள்ள எல்லாருக்கும் வணக்கம்.

எந்தக் காந்தத் தகட்டைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். பட்டாளத்துச் சட்டை மாதிரி பச்சையும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாக, மேலே சார்ஜென்ட் பட்டை மூன்று, கீழே கொட்டை எழுத்தில் 'ஒழுக்கமே நம் படைபலம்'. அது காரின் பின்கதவில் ஒட்டியிருந்தால்தான் பார்க்கிங்குக்குள் விடுவோம் என்ற விதியை எடுத்துவிடுங்கள். கேட்க வந்தது அவ்வளவுதான்.

காந்தத் தகடு இரும்பில்தான் பிடிக்கும், பிளாஸ்டிக்கிலோ அலுமினியத்திலோ பிடிக்காது. எங்கள் காருக்குப் பின்கதவு பிளாஸ்டிக். கேட்டில் நின்ற தம்பியிடம் தகட்டை எடுத்துக் காட்டினேன், காசு கட்டிய ரசீதையும் காட்டினேன். அவரே வாங்கி இரண்டு முறை அழுத்திப் பார்த்தார், இரண்டு முறையும் தரையில் விழுந்தது. "ஒட்டலைன்னா உள்ள விட முடியாதுண்ணா, ஆர்டர்" என்றார். அம்மாவுக்கு வயது 78, முட்டி ஆபரேஷன் ஆனவர். கொதிக்கிற தாரில் வெறுங்காலோடு, பால்செம்பைத் தலையில் ஒரு கையால் பிடித்தபடி, இன்னொரு கையால் என் தோளைப் பற்றிக்கொண்டு மேடேறி வந்தார். எங்களுக்குப் பின்னால் தனியாளாகப் போன் பேசிக்கொண்டே வந்தவர் காரில் தகடு ஒட்டியிருந்தது. விசில் ஊதி உள்ளே விட்டார்கள்.

தகடு ஒட்டுகிற கார்களுக்கும் சுகமில்லை. கூர்ப்பிப் ஊர் மழையில் வாரக்கணக்கில் கழற்றாமல் விட்டு, அடியில் தண்ணீர் நின்று, என் மச்சான் காரில் பெயிண்டே பொரிந்துவிட்டது. அடிக்கடி கழற்றித் துடைக்கணும் என்று விற்கும்போது ஒருவரும் சொல்லவில்லை.

சரி, படை படை என்கிறீர்களே, எந்தப் படை? 1968-ல் சுதந்திரம் வாங்கியதிலிருந்து மொரீஷியஸுக்கு ராணுவமே கிடையாது. வாக்வா ஊரில் இருக்கிற எஸ்.எம்.எஃப். (ஸ்பெஷல் மொபைல் ஃபோர்ஸ்) கூடப் போலீசில் ஒரு பிரிவுதான், அவர்களும் புயல் நேரத்தில் நம்மிடம் இதைவிட மரியாதையாகப் பேசுவார்கள். பத்து நாள் கவிச்சி தொடாமல் விரதமிருந்து, நாக்கில் அலகு குத்தி, ஆணிச் செருப்பில் நடந்து வருகிறவனுக்கு ஒழுக்கத்தைக் கார் தகட்டிலா சொல்லித் தரணும்? தகடு அடிக்கக் காசு இருந்தது, கால் கழுவுகிற இடத்தில் ஒழுகும் குழாய்க்கு வாசர் மாற்ற மட்டும் இல்லை. அன்னதான வரிசையில் பெரியவர்கள் உட்கார ஒரு பெஞ்சு போடவும் யாருக்கும் தோன்றவில்லை.

கோபத்தில் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கூட்டம் அதிகம், பார்க்கிங்கில் இடம் குறைவு, ஒழுங்குபடுத்த ஏதாவது வேண்டும்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் இந்தத் தகடு விதியை எடுத்துவிட்டு, வயதானவர்களும் நடக்க முடியாதவர்களும் வருகிற காரை முதலில் விடுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அடையாளம் வேண்டுமென்றால் கண்ணாடிக்குள் வைக்க ஒரு காகித அட்டை போதும்.

வருசப்பிறப்புக்குள் பதில் வந்தால் நல்லது. தகட்டுக்குக் கட்டிய காசைத் திருப்பித் தர வேண்டாம், அந்தக் குழாயைச் சரிபண்ணுங்கள்.

இப்படிக்கு,
கோவில் உறுப்பினர் ஒருவர்