வலி மாத்திரை கேட்டு வரும் இதய நோயாளி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இதய நோயாளிகளைக் கவனிக்க மருந்தாளுநர்களுக்குப் பயிற்சி தர வேண்டும் என்ற பேச்சு பல காலமாக நடக்கிறது. ஒருநாள் கருத்தரங்கு, மதியச் சாப்பாடு, ஒரு சான்றிதழ். பெரும்பாலும் அதோடு சரி. பயிற்சி நடக்க வேண்டிய இடம் மருந்துக்கடையின் கவுன்டர். டி.பார்ம். (மருந்தாளுநர் பட்டயப் படிப்பு) மாணவருக்கு 500 மணி நேரச் செய்முறைப் பயிற்சி ஏற்கெனவே கட்டாயம். பல கடைகளில் அது அட்டை அடுக்குவதிலும் பில் போடுவதிலும் கரைந்துவிடுகிறது.

முதல் பாடம் வலி மாத்திரையாக இருக்கட்டும். முழங்கால் வலிக்கு டைக்ளோஃபெனாக் கேட்பவர், பிரஷருக்கும் இதயத்துக்குமான எனலாப்ரிலும், நீரை வெளியேற்றும் ஃப்ரூசமைடும் சாப்பிட்டு வருபவராக இருக்கலாம். மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகம் அடிவாங்கும். வலி மாத்திரை உப்பையும் நீரையும் உடம்பில் தேக்குவதால் பிரஷர் ஏறும். இதயம் பலவீனமானவருக்குக் கால் வீங்கி மூச்சு வாங்கும். "வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று பொதுவாகக் கேட்டால் "ஒண்ணும் இல்லை" என்றுதான் பதில் வரும். வருடக்கணக்காக விழுங்கும் பிரஷர் மாத்திரையைப் பலர் மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. "பிரஷருக்கு? சர்க்கரைக்கு? ஹார்ட்டுக்கு? ரத்தம் உறையாமல் இருக்க?" என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். கடைசிக் கேள்விக்கு 'ஆமாம்' என்றால் இன்னும் கவனம். வால்வு மாற்றி வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு, வயிற்றுப்போக்குக்கென்று மெட்ரோனிடசோல் சேர்ந்தால் சில நாட்களில் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் அளவு) எகிறும், ஈறில் ரத்தம் கசியும், மலம் கறுக்கும்.

நெஞ்சு வலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை வாங்குபவரிடம், ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில் பற்றிக் கேட்பது இதைவிடக் கடினம். இரண்டும் 24 மணி நேரத்துக்குள் சேர்ந்தால் ரத்த அழுத்தம் பாதாளத்துக்குப் போகும். கூட்டத்துக்கு நடுவே இதைக் கேட்க முடியாது. தணிந்த குரலில், ஓரமாக அழைத்துக் கேட்கப் பழக்க வேண்டும்.

பிரஷர் பார்ப்பது எளிது என்ற நினைப்பே பாதித் தவறுக்குக் காரணம். நடந்து வந்தவரை நிற்க வைத்தே அளக்கிறார்கள். ஐந்து நிமிடம் முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பதிய உட்கார வேண்டும்; கை இதய மட்டத்தில் தாங்கலாக இருக்க வேண்டும். பருத்த கைக்குச் சிறிய பட்டை சுற்றினால் அளவு கூடுதலாகக் காட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்து, இரண்டையும் எழுதுவதே முறை.

வேர்த்துக் கொட்டியபடி 'கேஸ்' என்று ஜெலுசில் கேட்பவருக்கு ஜெலுசில் கொடுக்கவே கூடாது. அது மாரடைப்பாக இருக்கலாம்; 108ஐ அழைக்க வேண்டும். 2023இல் தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், இப்படி வருபவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடோர்வாஸ்டாடின் என முதல் வேளை மாத்திரைகள் தருகிறார்கள் என்பதும் கடைக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் 56 மருந்தகங்களில் 723 பேரிடம் நடந்த ஆய்வில், மருந்தாளுநர் கவனித்தவர்களுக்கு இதய நோய் அபாயம் மூன்றே மாதத்தில், வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களைவிட 21 சதவீதம் குறைந்தது. ஆனால் அங்கே மருந்து எழுதவும் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. இங்கே இல்லை. அதனால் நம் பாடத்திட்டம் கண்டுபிடிப்பதிலும் அனுப்பி வைப்பதிலும் நிற்க வேண்டும். இதய ரத்தக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தவர், ரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோக்ரல் வாங்க வேண்டிய தேதியில் வரவில்லையா, அன்றே போன் செய்ய வேண்டும். பாதியில் நிறுத்தினால் ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்து மாரடைப்பு வரலாம். இங்கிலாந்தில் 2011 முதல், பிரஷர் மாத்திரை புதிதாகத் தொடங்கியவரிடம் 7 முதல் 14 நாளுக்குள் மருந்தாளுநர் பேசுகிறார். எனலாப்ரிலால் வரும் வறட்டு இருமலும் அம்லோடிபினால் வரும் கணுக்கால் வீக்கமும் இப்படிக் கேட்டால்தான் வெளியே வரும். இல்லையென்றால் இருமலுக்கு ஒரு டானிக், வீக்கத்துக்கு ஒரு மாத்திரை என்று பட்டியல் நீளும்.

தேர்வையும் கவுன்டரிலேயே வைக்கலாம். நோயாளியாக நடிக்க ஒருவரை அனுப்பி, மருந்தாளுநர் என்ன கேட்டார், மருத்துவருக்கு என்ன எழுதி அனுப்பினார் என்று பார்த்தால் போதும். அந்தச் சீட்டில் மூன்று வரி இருக்க வேண்டும்: இரண்டு பிரஷர் அளவுகள், சாப்பிடும் எல்லா மாத்திரையின் பெயரும் பவரும், மருந்தாளுநரின் சந்தேகம். வாய்மொழியாகச் சொல்லி அனுப்பினால் "மெடிக்கல்ல மாத்திரையை மாத்தச் சொன்னாங்க" என்றுதான் மருத்துவரிடம் போய்ச் சேரும்.

இப்படிக்கு,
மருந்தியல் ஆசிரியர்கள் சிலர்,
மதுரை