வீட்டுத் தோட்ட சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை 2024-25

உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். மாசக் கூட்டம் நவம்பர்ல மட்டும் மழையால நடக்கல, மத்த 11 மாசமும் நடந்துச்சு. வரவு செலவ பொருளாளர் அண்ணன் தனியா வாசிப்பாரு. நான் நேரா கல்வாழைக்கு, அதாவது கன்னான்னு சொல்ற பூச்செடிக்கு, வந்துடுறேன், ஏன்னா இந்த வருஷம் நம்ம உழைப்பு, காசு, மனவருத்தம் எல்லாமே அங்கதான் போச்சு.

முதல்ல நல்ல சேதி. சமுதாயக்கூடத்துக்குப் பின்னாடி பாத்திரம் கழுவுற தண்ணி தேங்கி கொசு மொய்ச்சுக்கிட்டு இருந்த இடம் எல்லாருக்கும் தெரியும், அங்க வாழை இலை மாதிரியே அகலமா, ஓரத்துல செவப்பு கோடு ஓடுற பெரிய ரகத்த நட்டோம், இப்போ 8 அடிக்கு மேல நிக்குது, தண்ணி தேங்குறதே இல்ல. நம்ம பாட்டிங்க கிணத்தடியிலயும் கொல்லப்பக்க வாய்க்கால்லயும் கல்வாழை வச்சது சும்மா அழகுக்கு இல்ல, வீட்டுக் கழிவுத் தண்ணிய சுத்தம் பண்ண இன்னைக்கும் பல இடத்துல இதத்தான் நடுறாங்க. ஒரு கிழங்குத் துண்டுல 2, 3 கண்ணு இருக்கணும், 4 விரக்கட ஆழம் போதும், ஆனா இடைவெளில கஞ்சத்தனம் கூடாது. 2 அடில நட்ட பக்கம் நெருக்கி காத்தோட்டம் இல்லாம இலை அடில ஆரஞ்சு பொடியா துரு நோய் வந்துச்சு, 3 அடி விட்ட பக்கம் அந்தளவுக்கு இல்ல. தொழு உரம் எவ்ளோ போட்டாலும் தின்னும். பூக்கொத்து எல்லாம் முடிஞ்ச தண்ட தரையோட வெட்டிடுங்க, அப்பத்தான் பக்கக் கன்னு வேகமா எழும்பும்.

ஆகஸ்ட் கூட்டத்துக்கு வந்த பிள்ளைங்களுக்கு நம்ம டீச்சரம்மா ஒரு பூவ பிரிச்சுக் காட்டினாங்க, அது எனக்கே புதுசு. நாம இதழ்னு ரசிக்கிறது இதழே இல்லயாம், மகரந்தக் கேசரங்கதான், அதாவது பூவோட ஆண் பாகங்கதான், அகலமா மாறி நிக்குது, நெசமான இதழ் 3 அதுக்குக் கீழ ஒல்லியா ஒடுங்கிக் கெடக்குது. மகரந்தம் இருக்குறது ஒரே ஒரு கேசரத்துல, அதுலயும் பாதிதான்.

இனி கஷ்டமான விஷயம். போன வருஷம் ஒரு நர்சரில வாங்கின செவப்புப் பூ ரகத்துல இலை நரம்பு நெடுக மஞ்சக் கோடு இருந்துச்சு, வரிவரியா வர்ற ரகம்னு நம்பி சந்தோஷப்பட்டு, தூர் பிரிச்சு 14 வீட்டுக்கு நாமளே கொடுத்தோம். ஜூன்ல பாத்தா இலை சுருங்கி, கோடு பழுப்பாகி, பூவுல திட்டு திட்டா நிறம் ஒடஞ்சு வந்துச்சு. அது வைரஸ். மருந்து கிடையாது. வரி ரகத்துல கோடு ஒவ்வொரு இலைலயும் சீரா, தெளிவா இருக்கும், நோய்ல அங்கங்க கலங்கி சிதறி இருக்கும், இந்த வித்தியாசம் அப்பவே தெரிஞ்சிருந்தா கொடுத்திருக்கவே மாட்டோம். 1848ல பிரான்ஸ்ல தியோடர் ஆனேங்குறவரு கல்வாழைல மொத கலப்பினத்த உருவாக்கினதுல இருந்தே கலப்பு ரகம் விதைல தாய் மாதிரி வராதுன்னு கிழங்கு பிரிச்சுத்தான் கைமாறுது, அதனால நோயும் கூடவே கைமாறுது. சாறு உறிஞ்சுற அசுவினிப் பூச்சி மூலமாவும் சில வைரஸ் பரவும்.

14 வீட்டுக்கும் நானும் துணைச் செயலாளரும் நேர்ல போய் மன்னிப்பு கேட்டு, கிழங்கோட தோண்டி எடுத்தோம். ஒரு பெரியம்மா வாசல்ல அன்னைக்குத்தான் மொத பூ விரிஞ்சிருந்துச்சு, அவங்க ஒண்ணும் சொல்லாம கடப்பாறைய எடுத்துக் கொடுத்தாங்க, அத இன்னும் என்னால மறக்க முடியல. எடுத்தத உரக்குழில போடாம காயவச்சு எரிச்சோம்.

அதுக்கப்புறம் விதைல ஆரம்பிச்சிருக்கோம், விதை வழியா இந்த நோய் வர்ற வாய்ப்பு ரொம்ப கம்மி. பூ நெறம் மாறி வரலாம், பரவால்ல. முள்ளு முள்ளா இருக்குற காய் வெடிச்சு கருப்பா குண்டு மாதிரி விழும் பாருங்க, அது அவ்ளோ கெட்டி, அர்ஜென்டினால பழைய கல்லறை ஒண்ணுல கெடச்ச சுமார் 600 வருஷத்து விதையே முளைச்சிருக்கு. அதனால அப்படியே மண்ணுல போட்டா மாசக்கணக்குல காத்திருக்கணும். உப்புத்தாள்ல ஒரு பக்கம் வெள்ளை தெரியுற வரைக்கும் தேச்சு, வெதுவெதுப்பான தண்ணில ஒரு நாள் ஊறப்போடுங்க. நாங்க அப்படிப் போட்டதுல 30 நாத்து எழும்பி இப்போ முழங்கால் உயரம் நிக்குது.

செயற்குழு முடிவு இதுதான்: இனி புதுசா வர்ற எந்தக் கிழங்கும் ஒரு சீசன் முழுக்க தனித் தொட்டில நின்னு, இலையப் பாத்த பிறகுதான் பிரிக்கப்படும், தூருக்குத் தூர் கத்திய ப்ளீச்சிங் தண்ணில முக்கித்தான் வெட்டணும். நாத்து 30ம் முதல்ல அந்த 14 வீட்டுக்குத்தான், ஆளுக்கு ரெண்டு, மிச்சம் 2 கூடத்துப் பாத்திக்கு. பெரியம்மா வீட்டுக்கு நானே கொண்டு போறேன்.

செயலாளர்