லயத்துச் சுவரில் வந்தமர்ந்த அந்துப்பூச்சி

ஆசிரியர் அவர்களுக்கு,

தேயிலைத் தோட்டமொன்றில் தொழிலாளர் வசிக்கும் லயத்துச் சுவரில் அமர்ந்திருந்த பெரிய பூச்சியின் படமொன்று, 'பாம்புத் தலையுடன் அபூர்வ வண்ணத்துப்பூச்சி' என்ற தலைப்பில் சென்ற வாரம் தங்கள் நாளிதழில் வெளியாகியிருந்தது. அது வண்ணத்துப்பூச்சி அன்று, அந்துப்பூச்சி. வண்ணத்துப்பூச்சியின் உணர்கொம்பு நுனியில் குமிழ்போலத் தடித்திருக்கும். படத்திலிருந்த பூச்சிக்கோ அது இறகுபோல் விரிந்திருந்தது. செய்தியில் தரப்பட்ட 'அற்றகஸ் அட்லஸ்' என்ற விஞ்ஞானப் பெயரும் இணையத்திலிருந்து எடுக்கப்பட்டது போலும். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வாழ்வது அதன் நெருங்கிய உறவான அற்றகஸ் தப்ரோபானிஸ். நமது தீவின் பழம்பெயரான தப்ரபேனைத் தாங்கிய பூச்சியை நாமே வேறு பெயரால் அழைக்கலாமா?

விஷமென அஞ்சி அதை அடித்துக் கொன்றார்கள் என்று செய்தி முடிந்ததே எனக்கு அதிக வருத்தம். சிறகு முளைத்த பின் அதற்கு உண்ணும் வாயே கிடையாது. புழுவாயிருந்தபோது சேர்த்த கொழுப்பைக் கொண்டு சில நாட்கள் உயிர்வாழ்ந்து, துணை தேடி, முட்டையிட்டு மடிந்துவிடும். தேயிலைச் செடியில் கைபட்டதும் சுணைக்கும் புழுக்கள் முற்றிலும் வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை.

இவ்வேறுபாடுகளைக் காணும் கண் நம் மலையக மக்களுக்கு ஏற்கெனவே உண்டு. இரண்டு இலைகளை நூலால் ஒட்டிக்கொண்டு உள்ளே ஒளிந்திருக்கும் புழுவை, கொழுந்து பறிக்கும் பெண்கள் தொட்டவுடன் அறிவர். அதுவும் ஓர் அந்துப்பூச்சியின் புழுவே. அதைக் கட்டுப்படுத்தவே 1930களில் ஜாவாவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியொன்று இங்கு கொண்டுவரப்பட்டது.

அவதானிக்க விரும்புவோர், காற்றில்லாத, நிலவில்லாத இரவில் வெள்ளைத் துணியொன்றைக் கட்டி அதன்முன் விளக்கேற்றினால் போதும். படத்தை மேலிருந்து மட்டுமன்றிப் பக்கவாட்டிலும் எடுத்து, அருகே அளவுகோலொன்றை வைத்து, திகதி, இடம், கடல்மட்டத்திலிருந்து உயரம், புழுவாயின் அது தின்ற செடி ஆகியவற்றையும் குறித்துவைக்க வேண்டும். இத்தனைக்குப் பின்னரும் சில இனங்களை நுணுக்குக்காட்டியில் வைத்து உடற்கூற்றை ஆராய்ந்தால் அன்றிப் பிரித்தறிய இயலாது. அத்தகையவற்றுக்குக் குடும்பப் பெயரோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை. (எல்.ஈ.டி. விளக்குக்கு மாறிய பின் பூச்சிகள் வரவில்லை என்பதால் அவை அழிந்துவிட்டன என்று முடிவுகட்ட வேண்டாம். அவ்வொளியில் அவற்றை ஈர்க்கும் புறஊதாக் கதிர் மிகக் குறைவு.)

இனி இத்தகைய படங்களை வெளியிடும்போது 'அபூர்வம்' என்ற சொல்லைச் சற்று ஒத்திவைத்து, இடத்தையும் திகதியையும் உடன் அச்சிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
பொகவந்தலாவை.