கூலன்ட் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு? ஆறாவது முறையாகக் கேட்கிறேன்

அனுப்புநர்:
பிக்கப் வண்டி உரிமையாளர்,
செம்மடுவு, ஏற்காடு,
சேலம் மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
தலைமை அலுவலகம்.

பொருள்: தங்கள் சர்வீஸ் சென்டர்களில் கூலன்ட் (இன்ஜின் சூட்டைத் தணிக்கும் திரவம்) தவறான அளவில் ஊற்றி என் வண்டியைக் கெடுத்தது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். இதே விஷயத்தை இதற்கு முன் ஐந்து முறை தெரிவித்துவிட்டேன். மூன்று முறை டோல் ஃப்ரீயில், இரண்டு முறை மெயிலில். கையில் ஐந்து புகார் எண்கள் இருக்கின்றன, பதில் ஒன்றுகூட இல்லை. என்ன மாடல், என்ன இன்ஜின் என்று மறுபடியும் எழுதப் போவதில்லை. நீங்கள் செய்த வண்டி, உங்களுக்குத் தெரியும். கையேட்டில் கூலன்ட் எந்தப் பக்கத்தில் வருகிறது என்பதும் தெரியும். கான்சன்ட்ரேட் (தண்ணீர் கலக்காத கூலன்ட்) பாதி, டிஸ்டில்டு வாட்டர் பாதி என்று நீங்களேதான் அச்சடித்திருக்கிறீர்கள். உங்கள் சர்வீஸ் சென்டரில் யாராவது ஒருவர் அந்தப் பக்கத்தைப் படித்திருக்கிறாரா என்பதுதான் என் கேள்வி.

எடுத்த எடுப்பிலேயே கோபப்பட்டுவிட்டேன், மன்னிக்கவும். முறையாகச் சொல்கிறேன்.

போன வருடம் மார்ச்சில், காப்பிக்கொட்டை லோடு எல்லாம் இறக்கி முடித்த கையோடு, சேலத்தில் உள்ள உங்கள் சர்வீஸ் சென்டரில் வண்டியை விட்டேன். கூலன்ட் மாற்ற வேண்டிய நேரம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று நானே பார்த்துக்கொண்டிருந்தேன். பழையதை இறக்கினார்கள். வண்டி கழுவுகிற போர் தண்ணீர்க் குழாயையே ரேடியேட்டருக்குள் விட்டு அலசினார்கள். அப்புறம் ஒரு பையன் கேனைத் திறந்து, ஒரு மக் கூலன்ட், ஒரு மக் போர் தண்ணீர் என்று கலந்து ஊற்றினான். பாதிக்குப் பாதி, சரியாகத்தானே செய்கிறான் என்று நானும் நினைத்துக்கொண்டேன். அந்தக் கேன் ரெடி மிக்ஸ் என்பது பிறகு பில்லைப் பார்த்துத்தான் தெரிந்தது. தண்ணீர் ஏற்கெனவே பாதி கலந்து வருகிற சரக்கு அது. அப்படியே ஊற்ற வேண்டியது. பையனைக் குறை சொல்லவில்லை. இரண்டு கேனும் ஒரே நிறம், ஒரே அலமாரி. சொல்லிக்கொடுக்க வேண்டியவர் மேஜையில் உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருந்தார்.

அந்த மேஜைக்காரரைப் பற்றித்தான் முக்கியமாக எழுத வேண்டும். இந்த வருடம் ஜூனில், என் வண்டி மூன்றாம் முறை சூடேறி நின்ற பிறகு, கையேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன். உட்காரச் சொல்லவில்லை. நிமிர்ந்தும் பார்க்காமல் அவர் சொன்னது, எழுத்து மாறாமல்: “என்னங்ணா, ஏற்காடு என்ன காஷ்மீரா? ஆன்டிஃப்ரீஸ் ஐஸ் கட்டற ஊருக்கு. உங்களுக்குப் பச்சைத் தண்ணியே போதும், போங்ண்ணா.” கூலன்டைத்தான் ஆன்டிஃப்ரீஸ் என்கிறார். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு 54 வயது. அதில் 31 வருடம் இந்த மலையில் ஸ்டீயரிங் பிடித்திருக்கிறேன்.

ஏற்காட்டில் தண்ணீர் உறையாது என்பதை எனக்கு அவர் சொல்லித்தர வேண்டியதில்லை. மார்கழிப் பனியில் பிறந்து வளர்ந்தவன். கூலன்ட் உறையாமல் இருக்க மட்டுமா? பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது, அது நமக்கு வேண்டாத விஷயம், ஒப்புக்கொள்கிறேன். நமக்கு வேண்டியது இரண்டு. ஒன்று, கொதிநிலை ஏறுவது. ஏற்காடு ஏறத்தாழ 1500 மீட்டர் உயரம். எங்கள் டீக்கடைப் பாத்திரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். பாதிக்குப் பாதி கலவை, நல்ல பிரஷர் மூடி இரண்டும் இருந்தால் 125 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். இரண்டாவது, துருப் பிடிக்காமல் இருப்பது. அலுமினிய ரேடியேட்டர், இன்ஜினின் அலுமினிய ஹெட், இரும்பு பிளாக் எல்லாம் ஒரே தண்ணீரில் நனைந்துகொண்டிருக்கின்றன. துரு தடுக்கிற மருந்து கூலன்டில்தான் இருக்கிறது. பச்சைத் தண்ணீரில் இல்லை. அதுவும் சேலத்துப் போர் தண்ணீர்! வெள்ளைக்கல் தோண்டுகிற ஊர் இது. என் தங்கை வீட்டு வாட்டர் ஹீட்டரைக் கழற்றிப் பார்த்தால் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கும். அதே வெள்ளை ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிந்தால் என்ன ஆகும்?

தண்ணீர்தான் சூட்டை நன்றாக வாங்கும், கூலன்ட் அவ்வளவு வாங்காது என்று உங்கள் டோல் ஃப்ரீயில் ஒரு அம்மா சொன்னார். நல்லபடியாகப் பேசியவர் அவர் ஒருவர்தான். அவர் சொன்னது உண்மை. அதனால்தான் முழுத் தண்ணீரும் கூடாது, முழு கூலன்டும் கூடாது என்று உங்கள் கையேடு பாதிக்குப் பாதி சொல்கிறது. அந்த அம்மா 30-க்கு 70 என்றார். அடுத்த நாள் பேசியவர் 70-க்கு 30 என்றார். எது 30, எது 70 என்று கேட்டேன், லைன் கட்டாகிவிட்டது.

சரி, விட்ட இடத்துக்கு வருகிறேன். டிசம்பரில் ரிசர்வ் டப்பாவைப் பார்த்தால் தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது. முதல் இடத்தில் நம்பிக்கை போய்விட்டதால் சேலத்திலேயே உங்களுடைய இன்னொரு கிளைக்குப் போனேன். அங்கிருந்தவர் பார்த்த உடனே, “கூலன்ட் தண்ணியாப் போச்சு, ஸ்ட்ராங்கா ஊத்திடலாம்” என்றார். பிளாக்கின் திருகையும் கழற்றி, காற்றடித்து, சொட்டு ஈரம் இல்லாமல் காலி செய்தார்கள். நல்ல வேலைதான். ஆனால் அதற்கப்புறம் கான்சன்ட்ரேட்டை ஒரு துளி தண்ணீர்கூடச் சேர்க்காமல் வாய் வரை ஊற்றினார்கள். மருந்து அதிகமானால் நோய் சீக்கிரம் போய்விடுமா? கலக்காத கூலன்ட் சூட்டை வாங்குவது தண்ணீர் வாங்குவதில் பாதிக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். கெட்டியாகவும் ஓடும். இன்னொரு வேடிக்கை, தண்ணீர் கலக்காத கூலன்ட் மைனஸ் 13-லேயே உறைந்துவிடும். மேஜைக்கார ஐயா சொல்கிற காஷ்மீருக்கே ஓட்டிக்கொண்டு போனாலும் கலக்காததுதான் முதலில் கட்டியாகும். அவரிடம் சொல்லுங்கள்.

அந்த டிசம்பரில் மட்டும் எனக்கு ஏதோ புத்தி வந்தது. இறக்கிய பழைய தண்ணீரில் ஒரு லிட்டரை பாட்டிலில் பிடித்து வைத்துக்கொண்டேன். மூடியில் விஷம் என்று எழுதி, பேரப்பிள்ளைகள் கைக்கு எட்டாத பரண் மேல் வைத்திருக்கிறேன். கூலன்ட் இனிக்கும், நாய் நக்கினால் செத்துப்போகும். உங்கள் கிளையில் மிச்சத்தைச் சாக்கடையில்தான் விட்டார்கள், அதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

மே மாதம். கோடை விழா நேரம். மலைப் பாதை முழுக்க கார். அடிவாரத்தில் ஒரு பந்தல்காரரின் நாற்காலிகளும் ஒரு ஓட்டலுக்கு அரிசி மூட்டைகளும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பதினான்காவதில் முன்னால் பஸ் நின்றது, நானும் நின்றேன். முள் சிவப்புக்குப் போனது. பானெட்டுக்கு அடியில் புஸ்ஸென்று ஆவி. கூட வந்த பையன் துணியைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனான். கையைத் தட்டிவிட்டேன். தட்டாமல் இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை வேறு மாதிரி, வேறு இடத்துக்கு எழுதியிருப்பேன். பின்னால் ஒரு கிலோமீட்டருக்கு ஹாரன். ஒரு காரிலிருந்து இறங்கி வீடியோ எடுத்தார்கள். மூட்டையைக் குரங்கு கிழித்தது. ஒன்றரை மணி நேரம். நாற்காலி போய்ச் சேராததால் பந்தல்காரர் வேறு வண்டி பிடித்துக்கொண்டார், இன்று வரை என்னைக் கூப்பிடவில்லை.

அதற்குப் பிறகு உங்கள் ஆட்கள் செய்த வைத்தியம்: முதலில் தெர்மோஸ்டாட் என்றார்கள், மாற்றினேன். மூடி என்றார்கள், மாற்றினேன். மறுபடியும் சூடு. அப்புறம் எனக்கு மலை ஏற்றத் தெரியவில்லை என்றார்கள். கூலன்ட் எவ்வளவு கலந்திருக்கிறது என்று அளந்து பாருங்கள் என ஒவ்வொரு தடவையும் கெஞ்சினேன். கடைசியில் போன் வந்தது: “மீட்டர் வந்துருக்கு, வியாழக்கிழமை பத்து மணிக்கு வாங்க.” இருந்த ஒரு லோடை விட்டுவிட்டு முப்பது கிலோமீட்டர் இறங்கி வந்தேன், முள்ளையே பார்த்துக்கொண்டு. பத்து மணிக்கு, அளக்கத் தெரிந்தவர் நாமக்கல் போயிருக்கிறார் என்றார்கள். பன்னிரண்டுக்கு, வந்துகொண்டிருக்கிறார். இரண்டரைக்கு, சாப்பிடப் போயிருக்கிறார். நாலு மணிக்கு மேஜைக்காரர் எழுந்து வந்து, “மீட்டரும் அவர்கூடவே இருக்குதுங்ணா, நாளைக்கு வாங்க” என்றார். இருபது வளைவு இறங்கி, இருபது வளைவு ஏறினேன். அந்த வியாழக்கிழமையை என்னால் மறக்கவே முடியவில்லை. வீட்டில், எழுதி அனுப்பிவிட்டுத் தூங்குங்கள் என்கிறாள்.

கடைசியில் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வயதான மெக்கானிக் அளந்தார். விரல் நீள ரீஃப்ராக்டோமீட்டர், கண்ணாடியில் இரண்டு சொட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அரை நிமிடம். வண்டியில் இருந்ததற்குக் கோடு அளவுக்கு வெளியே போய்விட்டது. பாட்டிலில் வைத்திருந்ததற்கு 16 சதவீதம். பதினாறு எப்படி வந்தது என்று அவரே கணக்குப் போட்டுக் காட்டினார். என் வண்டிக்கு மொத்தம் 10 லிட்டர். ரேடியேட்டர் திருகை மட்டும் திறந்தால் ஆறரை லிட்டர்தான் இறங்கும், மூன்றரை லிட்டர் பிளாக்கிலேயே நிற்கும். அலசிய பிறகு அந்த மூன்றரையும் போர் தண்ணீர். மேலே ஊற்றிய ஆறரையில் பாதி போர் தண்ணீர், மீதி ரெடி மிக்ஸிலும் பாதி தண்ணீர். ஆக, பத்து லிட்டருக்குள் போன உண்மையான கூலன்ட் ஒன்றரை லிட்டர் சொச்சம். உங்கள் பில்லில் ஆறரை லிட்டருக்குக் காசு வாங்கியிருக்கிறீர்கள், அதையும் சேர்த்துப் பாருங்கள்.

அவர் செய்த முறையையும் எழுதுகிறேன், உங்கள் சர்வீஸ் சென்டரில் ஒட்டி வைக்க உதவும். கடைசி அலசலை டிஸ்டில்டு வாட்டரில் செய்தார். முதலில் கான்சன்ட்ரேட் 5 லிட்டரை அளந்து ஊற்றினார். பிறகு நிரம்பும் வரை டிஸ்டில்டு வாட்டர். உள்ளே எவ்வளவு தண்ணீர் தங்கியிருந்தாலும் கணக்கு தானாகப் பாதிக்குப் பாதி வந்துவிடும் என்றார். வண்டியை ஓடவிட்டு, காற்றெல்லாம் வெளியேறும் வரை நின்று, மறுபடி அளந்தார். 50. கூலி 400 ரூபாய், ஒரு டீயும் வாங்கிக் கொடுத்தார். ஆனால் ரேடியேட்டர் அதற்குள் பாதி அடைத்துப் போயிருந்தது, ஹெட் கேஸ்கெட்டும் கசிய ஆரம்பித்திருந்தது. அவை இரண்டுக்கும் ஆன செலவு தனி.

உங்களால் எனக்கு மூன்று லட்சம் நஷ்டம். ரேடியேட்டரும் கேஸ்கெட்டும் 31,000, தெர்மோஸ்டாட்டும் மூடியும் 3,800, இழுத்துவந்த வண்டிக்கு 4,500. மீதியை எப்படிக் கணக்கிட்டேன் என்று கேட்பீர்கள். ஒரு சீசன் முழுதும் போனது, பந்தல்காரர் போனது, அந்த வியாழக்கிழமை போனது. மூன்று என்பதே குறைத்துச் சொன்னதுதான்.

இவ்வளவுக்குப் பிறகும் உங்கள் மேல் எனக்குப் பகை இல்லை. இதற்கு முன் வைத்திருந்த வண்டியும் உங்களுடையதுதான், 11 வருடம் தொந்தரவில்லாமல் ஓடியது. எனவே தயவுசெய்து, தவறாக ஊற்றிய இரண்டு தடவைக்கும் வாங்கிய பணத்தையும், அதனால் ஆன ரிப்பேர் செலவையும் திருப்பித் தர வேண்டும். என் வண்டிக்கு எந்த வகைக் கூலன்ட், எந்த அளவு என்று உங்கள் கையெழுத்தோடு எழுத்தில் தர வேண்டும். பச்சை, சிவப்பு என்று நிறம் சொல்ல வேண்டாம், நிறத்தை வைத்து வகை தெரியாது. அந்த மேஜைக்காரர் என்னிடம் வருத்தம் தெரிவிக்க வேண்டும். போனில் அல்ல, நேரில், ஏற்காட்டுக்கு வந்து. காஷ்மீரா இல்லையா என்று பார்த்துவிட்டும் போகலாம்.

பதினைந்து நாள் பார்ப்பேன். அப்புறம் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுவேன், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேலம் மாவட்ட ஆணையத்தில் மனுப் போடுவேன். இரண்டு வருடம் வரை அவகாசம் இருக்கிறது, 5 லட்சம் வரைக்கும் மனுக் கட்டணம் இல்லை, எல்லாம் விசாரித்துவிட்டேன். சித்தப்பா மகன் வக்கீல். பரண் மேல் இருக்கிற பாட்டிலும் வரும். அந்த அளவுக்குப் போக எனக்கு விருப்பமில்லை, தாங்களும் விடமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

பில்கள், ஜாப் கார்டுகள், கையேட்டின் அந்தப் பக்கம் ஆகியவற்றின் நகல்களை இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செம்மடுவு வாடிக்கையாளர்

பி.கு.: மழை நாட்களில் எங்கள் பக்கம் சிக்னல் சரியாக இருக்காது. போன தடவை, கூப்பிட்டோம், எடுக்கவில்லை என்று புகாரை மூடிவிட்டீர்கள். இந்தத் தடவை தபாலில் எழுதுங்கள்.