மரத்தடி மொட்டையாக இருந்தாலே விஷம்தானா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒரு செடி பக்கத்துச் செடியை ரசாயனத்தால் அடக்குவது, அதாவது அல்லீலோபதி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். விறுவிறுப்பாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு மரத்தடியில் புல் முளைக்கவில்லை என்றால் அது அந்த மரம் கக்கும் விஷம்தான் என்று ஒரே போடாகப் போட்டிருப்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

அல்லீலோபதியே பொய் என்று சொல்ல வரவில்லை. வால்நட் நிழல் மற்ற செடிகளுக்கு ஆகாது என்று ரோமானியரான பிளினி முதல் நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார், அல்லீலோபதி என்று பெயர் வைத்தது ஹான்ஸ் மோலிஷ் என்கிற தாவரவியலாளர், 1937இல். சோளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஈரத்தாளில் முளைக்கவைத்து வேர்த்தூவிகளை நுண்ணோக்கியில் பார்த்தால், நுனியில் பொன்மஞ்சள் நிறத்தில் பொடிப்பொடியாக எண்ணெய்த் துளிகள் நிற்கும். அதுதான் சோர்கோலியோன். சின்னக் களை நாற்றுகளின் ஒளிச்சேர்க்கையை அது தடுத்துவிடுகிறது, அதுவும் அட்ரசின் களைக்கொல்லி கைவைக்கிற அதே இடத்தில். மக்காச்சோளத்துக்கு அடிக்கிற மீசோட்ரையோன் களைக்கொல்லிகூட பாட்டில் பிரஷ் செடியில் இருக்கும் ஒரு பொருளைப் பார்த்து உருவானதுதான். இதெல்லாம் சரி.

கட்டுரையில் விட்டுப்போனது கலிபோர்னியாக் கதை. அங்கே சால்வியா என்கிற வாசனைப் புதர்களைச் சுற்றி ஒன்றிரண்டு மீட்டர் அகலத்துக்குத் தரை வெறுமையாகக் கிடக்கும், அதற்கு அப்பால் புல்வெளி. புதரிலிருந்து ஆவியாகும் கற்பூரம், சினியோல் போன்றவைதான் புல்லை முளைக்கவிடாமல் செய்கின்றன என்று 1964இல் கார்னீலியஸ் முல்லர் குழுவினர் சொன்னார்கள். படத்தோடு பார்த்தால் யாருக்கும் நம்பத் தோன்றும். 1970இல் பார்த்தலமியூ என்பவர் அந்த வெற்றுத்தரையில் கம்பிவலைக் கூண்டுகளை வைத்துப் பார்த்தார், அவ்வளவுதான், கூண்டுக்குள் புல் வளர்ந்துவிட்டது! எலி, முயல் போன்ற பிராணிகள் புதருக்குள் ஒளிந்திருந்து, பருந்துக்குப் பயந்து தூரம் போகாமல் பக்கத்திலேயே மேய்ந்து தீர்த்திருக்கின்றன. ரசாயனத்துக்குப் பங்கே இல்லை என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாதுதான். ஆனால் எலிக்கு இவ்வளவு பங்கு இருக்கிறது என்பது அந்தக் கூண்டை வைத்துப் பார்த்த பிறகுதானே தெரிந்தது.

யூகலிப்டஸ் விஷயத்திலும் இப்படித்தான் அவசரப்படுகிறோம். அந்த இலைகளில் தைலம் இருக்கிறது, உண்மை. ஆனால் அந்த மரம் தண்ணீரை உறிஞ்சுகிறது, உதிரும் இலையும் பட்டையும் தடிமனாக மூடிக்கொள்கின்றன, நிழலும் விழுகிறது. இதில் எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காமல் எல்லாப் பழியையும் தைலத்தின் தலையில் போட்டால் எப்படி?

கட்டுரையாளர் ஆதாரமாகக் காட்டும் சோதனையும் எனக்குத் திருப்தியில்லை. இலையை அரைத்து ஊறவைத்து, அந்தச் சாற்றைக் கண்ணாடித் தட்டில் இருக்கும் முள்ளங்கி விதைமேல் ஊற்றினால் முளைப்பு குறையத்தான் செய்யும். அந்த அளவுக்குக் கெட்டியாக அரைத்தால் பல இலைகளின் சாறு அதைச் செய்யும், கரைசல் அடர்த்தியாக இருப்பதாலேயே விதைக்குத் தண்ணீர் சரியாக ஏறாது. ஆனால் மண்ணில் அந்தப் பொருளை மழை கரைத்துக்கொண்டு போகிறது, களிமண்ணும் மட்கும் பிடித்துக்கொள்கின்றன, நுண்ணுயிர்கள் தின்றுவிடுகின்றன. இதையெல்லாம் தாண்டி, தொடர்ந்து எவ்வளவு வேரடியில் நிற்கிறது என்பதுதான் கேள்வி. மண்ணில் கிளர்வூட்டிய கரியைக் கலந்து, அது அந்தப் பொருளை உறிஞ்சிக்கொண்ட பிறகு செடி தேறுகிறதா என்று பார்ப்பவர்கள் உண்டு, அதிலும் கரி சத்தைப் பாதிக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அப்புறம் இன்னொன்று. வேர் கசியவிடுவதெல்லாம் ஆயுதம் என்பது போலவே கட்டுரை முழுக்கப் பேசுகிறது. ஸ்ட்ரைகோலாக்டோன் பற்றி ஒரு வரிகூட இல்லை. தனக்குச் சத்து கொண்டுவரும் வேர்ப்பூஞ்சையைக் கூப்பிடச் செடி கசியவிடும் பொருள் அது, மண்ணில் வருஷக்கணக்காகத் தூங்கும் சுடுமல்லி என்கிற ஒட்டுண்ணிக் களையின் விதை அதை மோப்பம் பிடித்து முளைத்து வேரில் ஒட்டிக்கொள்கிறது. இந்த வகைப் பொருளை முதன்முதலில் பிரித்தெடுத்தது 1966இல், பருத்தி வேர்க்கசிவிலிருந்து. வேடிக்கை என்னவென்றால் பருத்தியில் சுடுமல்லி ஒட்ட முடியாது, முளைத்துவிட்டுப் பிடிமானம் கிடைக்காமல் செத்துப்போகும், அதனால் சுடுமல்லி மண்டிய நிலத்தில் பருத்தியைச் சுழற்சிப் பயிராகப் போடுவது உண்டு. கட்டுரையாளர் அடுத்து எழுதுவதாக இருந்தால் இதிலிருந்து தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்