பாத்தியில் முளைக்காத விதைகள்

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. கண்புரை அறுவை முடிந்து இப்போதுதான் எழுத்து தெளிவாகத் தெரிகிறது. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை மட்டும் இவரை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன்.

பிடுங்கிய பார்த்தீனியத்தைப் பாத்தியிலேயே மூடாக்காகப் பரப்பினாய், அதன் பிறகு ஊன்றிய விதையில் பாதி முளைக்கவில்லை என்று வருந்தியிருந்தாய். விதையைக் குறை சொல்லாதே. அந்த மூடாக்கின் மேல்தான் எனக்குச் சந்தேகம். பார்த்தீனிய இலையில் பார்த்தெனின் என்ற வேதிப்பொருள் உண்டு. இலை மழையில் நனையும்போதும் மட்கும்போதும் அது மண்ணில் இறங்கி, விதை முளைப்பதையும் இளவேர் நீள்வதையும் தடுக்கும். மண்ணின் நுண்ணுயிர்கள் அதை விரைவில் சிதைத்துவிடும் என்பதுதான் ஆறுதல். மூடாக்கை வாரி அப்புறப்படுத்து, சில வாரம் பொறுத்து மறுபடி விதை. இனி பூக்கும் முன்பே பிடுங்கிவிடு. கையுறை இல்லாமல் தொடாதே, தோல் தடித்துவிடும்.

ஒரு செடி தன் வேதிப்பொருளால் பக்கத்துச் செடியைப் பாதிக்கும் இந்த இயல்புக்கு அல்லெலோபதி என்று 1937இல் பெயரிட்டவர் தாவரவியலாளர் ஹான்ஸ் மோலிஷ். ஆனால் நாள் முழுக்க என்னை யோசிக்க வைத்தது 2000ஆம் ஆண்டு காலவே என்ற தாவர ஆய்வாளரும் அவருடைய சகாவும் வெளியிட்ட ஆய்வு. யூரேசியாவிலிருந்து வட அமெரிக்காவுக்குப் போய்ப் பரவிய களை, சென்டாரியா டிஃப்யூசா. இரண்டு நிலப்பகுதிகளின் புற்களோடும் அதைத் தொட்டியில் வளர்த்தார்கள். வட அமெரிக்கப் புற்கள் மிகவும் குன்றின. அதன் தாய்மண்ணுப் புற்கள் அவ்வளவு பாதிக்கப்படவில்லை. வேதிப்பொருளை உறிஞ்சும் கரித்தூளை மண்ணில் கலந்ததும் அமெரிக்கப் புற்கள் தேறின. தண்ணீருக்கான போட்டி மட்டும்தான் காரணம் என்றால் கரி எப்படி உதவும்? கரி மண்ணின் சத்தையும் மாற்றும், அதனால் இதையே முடிந்த முடிவாக நான் கொள்ளவில்லை. ஆனாலும், காலங்காலமாகப் பக்கத்தில் வளர்ந்த புல் அந்த நஞ்சைத் தாங்கப் பழகியிருக்கிறது, புதிய மண்ணின் புல்லுக்கு அந்த அவகாசமே கிடைக்கவில்லை என்பது மனதை உலுக்கிவிட்டது.

இன்னொன்று இதைவிடக் கொடுமை. பூண்டு வாசம் அடிக்கும் ஐரோப்பியக் கடுகினக் களை ஒன்று, வட அமெரிக்கக் காடுகளில் மரக்கன்றுகளின் வேரோடு கூடி வாழும் பூஞ்சையைக் குலைத்துவிடுகிறது. துணை போனதும் கன்று தேய்கிறது.

உனக்கு ஒரு வேலை தருகிறேன். ஒரு தொட்டியில் அந்தப் பாத்தி மண், இன்னொன்றில் பார்த்தீனியம் படாத மண். இரண்டிலும் பத்துப் பத்து விதை ஊன்று. எதில் எத்தனை முளைத்தது என்று எழுது, காத்திருப்பேன்.

உன்,
மீனாட்சி